எட்டாவது கேள்வி

முதுகலை விண்ணப்பத்தில் எட்டாவது கேள்வி:
துறைசார் தொண்டர் அனுபவம், எத்தனை மணித்தியாலம்?
கீழே ஒரு பெட்டி,
தீப்பெட்டியளவு.

முதலில் கிளிநொச்சிக்குப் போனேன்.
ஒரு நிறுவனம் ரீசேட் தந்தது.
மூன்று மணித்தியாலப் பட்டறை, மத்தியானம் சோத்துப் பார்சல்,
பதாகையைப் பிடித்தபடி ஒரு படம்.
சான்றிதழில் என் பெயருக்கு
ஒரு கால் குறைந்திருந்தது.
இன்னொரு நிறுவனம் கேட்டது,
தொண்டராய்ச் சேர
இரண்டு வருட அனுபவம் உண்டோ என்று.

பிறகுதான் மல்லாவி.
ஆஸ்பத்திரியின் பின்பக்கம்,
மருந்துக் களஞ்சியத்துக்கும் தண்ணித் தாங்கிக்கும் நடுவில்
செவ்வாயில் மட்டும் திறக்கிற அறை.
"கதைக்கிற வேலை உங்களுக்கில்லை"
என்றார் டொக்டர் றிஸ்மியா, நிமிராமலே.
"நம்பர் குடுங்கோ.
வராத ஆக்களுக்குக் கோல் எடுங்கோ."

நாலு வருடம் படித்தவள்.
மூளையின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கீறுவேன்.
முதல் மாதம் முழுக்கக்
கிளினிக் கொப்பிகளை இலக்கப்படி அடுக்கினேன்.
நாற்பத்தொன்று மழையில் ஊறியிருந்தது.
அறுபத்தாறை ஆடு தின்றுவிட்டதாம்.

"செபஸ்ரி அண்ணை, ஊசிக்கு வரேல்லையே?"
"வெட்டு மெசின் வந்திட்டுது தங்கச்சி,
அது போன பிறகு வாறன்."
மெசின் போனது. அவர் வந்தார்,
காது மடலில் உமியோடு.
'சிகிச்சைக்கு ஒத்துழைப்பதில்லை' என்று
நான் எழுதி வைத்திருந்த வரியை
அவர் இருக்க முதல் வெட்டினேன்.
வெட்டினது தெரியத்தான் செய்தது.

மூன்றாம் மாதம் வினாக்கொத்து என் கைக்கு வந்தது.
ஒன்பது கேள்வி,
பூச்சியத்திலிருந்து மூன்று வரை புள்ளி.
ஐயன்கன்குளத்துத் தவநிதி அக்கா முன்னால் இருந்தா.
"ரெண்டு கிழமையா நித்திரை குழம்பினதோ?"
"ஒவ்வொரு இரவும்."
மூன்று.
"களைப்பு?"
"சொல்லி வேலையில்லை."
மூன்று.
"ஒண்டிலயும் மனம் பதியாமல்?"
"எப்பிடிப் பதியும், பிள்ளை?"
மூன்று, மூன்று என்று பேனை ஓடியது.
ஐந்தாம் அத்தியாயம் உயிரோடு வந்து
கதிரையில் இருக்குது என்று நினைத்தேன்.

கூட்டல் போடுகையில்,
வரிசைக்குத் தண்ணி வார்க்கிற மற்றத் தொண்டன்
சுகிர்தன், கதவால் தலையை நீட்டி
"அக்கா, யானை இன்னும் வருதோ?" என்றான்.
"ரெண்டு கிழமையாடா. சோளம் முடிஞ்சுது.
வெடி கொளுத்திக் கொளுத்தி
விரல் பொசுங்கிப் போச்சு."

அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன்.
இருபது நிமிடமாக மேசையில்
என் பேனைக்குப் பக்கத்திலேயே கிடந்த கை.

"அப்ப ஏன் அக்கா இங்க வந்தனீங்கள்?"
"மகன்ர குளிசை எடுக்க.
நீர் நம்பர் கூப்பிட்டீர், இருந்தன்.
கேட்டீர், சொன்னன்."
அவ சிரித்தா. நான் சிரிக்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.
மருந்துக்காரன் வந்து பொசுங்கலுக்குக் களிம்பு பூசினார்.
ஒன்பதில் எந்தக் கேள்வியும்
களிம்பைப் பற்றிக் கேட்கவில்லை.

டொக்டரின் பரிந்துரைக் கடிதம் இரண்டு வரி:
நேரத்துக்கு வருவார்.
கொப்பிகள் இப்போது தேடக் கிடைக்கின்றன.

வெள்ளி கடைசித் திகதி.
இருபத்தாறு செவ்வாய், எட்டு எட்டு மணித்தியாலம்,
பஸ்ஸுக்குக் காத்திருந்ததைச் சேர்க்காமல்
இருநூற்றெட்டு.
அந்த இருபது நிமிடத்தைக் கழிப்பதா என்று
பென்சிலால் எழுதி, அழித்து,
பெட்டி கறுத்துப்போய்க் கிடக்கிறது.

நாளைக்குச் செவ்வாய்.
மகனின் கொப்பி இலக்கம் முப்பத்தெட்டு.
ஆளை இன்னும் நான் கண்டதில்லை.