குறை

டொலீடோவில் முதல் பனி விழுந்த வாரம்,
எங்கள் சமையலறை மேசையில் கால்குலேட்டரை வைத்து
வீட்டுத் தரகர் ரொவீனா ஹாஸ்கெட் கணக்குச் சொன்னாள்:

வங்கிக்குத் தரவேண்டியது
ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் டாலர்.
இன்றைக்கு இந்த வீடு போவது தொண்ணூற்றொன்றுக்கு.
நடுவில் கிடக்கிற ஐம்பத்தோராயிரத்தை
வங்கி விழுங்கச் சம்மதித்தால்
அதற்குப் பெயர் ஷார்ட் சேல்.
"உங்கள் கைக்கு ஒரு செண்ட் வராது.
ஏலத்துக்குப் போனால் பெயர் படுத்துவிடும்,
இதில் கொஞ்ச காலம் நொண்டும்."

முதலில் ஒரு கடிதம் வேண்டுமாம்,
கஷ்டம் முழுவதும் ஒரே பக்கத்தில்.
கர்ட் எழுதினான்:
கண்ணாடி ஆலையில் மூன்றாம் உலையை அணைத்துவிட்டார்கள்.
பேனாவை மூடிவிட்டான்.
பதினெட்டு வருடம் அந்த உலை முன்னால் நின்றவன்.
மீதியை நான் எழுதினேன்:
என் முதுகு, அதன் ஆபரேஷன், அதன் பில்.
ரொவீனா படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.
"இன்னும் கொஞ்சம் ஏழையாக எழுதுங்கள், லொரெய்ன்."

பிறகு ஃபேக்ஸ்.
அனுப்பிய சம்பளச் சீட்டையே மூன்று முறை கேட்டார்கள்,
மூன்று குரலில்.
முதலில் வாங்க வந்தவர்
பிப்ரவரி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு
வேறு தெருவில் வாங்கிக்கொண்டார்.

கர்ட் மட்டும் தினமும் வாசல் பனியை அள்ளினான்.
யாருக்காக என்று கேட்டேன்.
"தபால்காரர் வழுக்கி விழுவாரே."
கட்ட முடியாத கடனுக்கு நடுவில்
கட்ட முடிந்த கடன் ஒன்று.

ஏப்ரலில் சம்மதம் வந்தது.
கர்ட் கையெழுத்துப் போடக் குனிந்தான்.
நான் பேனாவைப் பிடுங்கினேன்.
மீதித் தொகையைக் கேட்டு இனி வரமாட்டோம் என்ற வரியை
இரண்டு பக்கமும் தேடினேன், இல்லை.
அது இல்லாவிட்டால் வீடு போன பிறகும்
ஐம்பத்தோராயிரம் எங்கள் பின்னாலேயே வரும்,
புது விலாசம் கேட்டுக்கொண்டு.
திருப்பி அனுப்பினோம்.
பதினோரு நாள் நான் தூங்கவில்லை.
பன்னிரண்டாம் நாள் வந்தது அந்த ஒரு வரி,
மற்ற வரிகளைவிடச் சிறிய எழுத்தில்.

வாங்கியவள் ஒரு நர்ஸ்,
இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தாள்.
உள்ளது உள்ளபடியே விற்பனை என்பது ஒப்பந்தம்.
எந்தக் குறையையும் நாங்கள் தீர்த்துத் தர வேண்டியதில்லை.
சாவியைக் கொடுத்துவிட்டு
படி வரைக்கும் வந்தவள் திரும்பிப் போனேன்.
"அடுப்பில் இடது பின் பர்னர்," என்றேன்,
"தட்டினால்தான் பிடிக்கும்.
பலமாக வேண்டாம்."