மேட்டி லைன்

கோப்பைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது
பிரித்துப் படிப்பது என் கெட்ட பழக்கம்.
பதினாறாம் படியில் நின்று மூச்சு வாங்க
ஒரு சாக்கு வேண்டாமா?

குன்னூர், பெட்போர்டுக்குக் கீழே, ஓடைக்குச் சற்று மேலே
இருபத்திரண்டு வீடுகள்.
தெருப்பெயரை மாற்றக் கோரி
பெர்னதத்து முதலாக நாற்பது கையெழுத்து,
மூன்று கைநாட்டு.
'மேட்டி லைன் என்று முகவரி சொன்னால்
பெண் பார்க்க வந்தவர்கள் சிரிக்கிறார்கள் ஐயா.'

சிரித்தவர்களுக்குச் சொல் தெரிந்திருக்கிறது.
எனக்குத் தெரியாது.
ஆவண அறையில் அட்டை போன அகராதி,
பூஞ்சை இன்னும் மகர வரிசைக்கு வரவில்லை.
மேட்டி: உயர்வு, செருக்கு.
அதற்கடுத்த வரியிலேயே
மேட்டி: துரை வீட்டு எடுபிடி.

கப்பல்காரன் கூட்டாளியை 'மேட்' என்பானாம்,
பட்லருக்குக் கூட்டாளி, அதனால் மேட்டி,
இது சர்வேயர் சொன்னது.
தெலுங்கில் மேட்டி என்றால் தலைவனாக்கும் என்றார்
வரிவசூல் சுப்பராயுடு, மீசையைத் தொட்டுக்கொண்டு.
எனக்கென்னவோ
அது வசவாகப் பிறந்திருக்கும் என்று படுகிறது.
வெள்ளிக் கரண்டியை ஆற அமரத் துடைத்த பையனை
பட்லர் கேட்டிருப்பார்:
'என்னடா, பெரிய மேட்டியோ நீ?'
அவன் ஆமாம் என்றிருப்பான்.

பங்களா மேட்டில். லைன் பள்ளத்தில்.
பனி முதலில் இறங்குவதும் கடைசியில் எழும்புவதும்
அங்கேதான்.

மனுவோடு ஒரு நகல் இணைப்பு,
1911, பங்களாச் செலவு, மே மாதம்.
பட்லர் பதினெட்டு ரூபாய்.
சமையல் பதினைந்து. ஆயா பத்து.
மேட்டி ஆறு.
டியூக்குக்கு இறைச்சி ஏழு.

ஓரத்தில் கவுன்சிலர் பென்சிலால் எழுதியிருக்கிறார்:
'மேட்டுத் தெரு எனலாமே.
பழைய பலகையிலேயே ஒரு சுழியைத் திருத்தினால் போதும்.'
அவர் அந்தத் தெருவில் இறங்கியதில்லை.

செவ்வாய்க்கிழமை பெர்னதத்து வந்திருந்தாள், என்னாச்சு என்று கேட்க.
ரிசார்ட் சீருடை. மார்பில் வில்லை:
கெஸ்ட் எக்ஸ்பீரியன்ஸ் அசோசியேட்.
'அப்படின்னா?'
'பெட்ஷீட் மாத்துறது.'
சிரிக்கவில்லை அவள்.
'நீங்க?'
'அலுவலக உதவியாளர்.'
'முன்னாடி என்னன்னு சொல்வாங்க?'
'பியூன்.'
'அதுக்கும் முன்னாடி?'
என் அப்பாவின் டவாலி
வீட்டில் பழைய டிரங்குப் பெட்டியைக் கட்டப் பயன்படுகிறது.
அதை நான் சொல்லவில்லை.
'மழை வரும் போலிருக்கு, கிளம்பும்மா' என்றேன்.

மேலே மணி அடிக்கிறது.
ஒருமுறை என்றால் தேநீர், இருமுறை என்றால் கோப்பு.
இது மூன்று.
மூன்றுக்கு அர்த்தம் இதுவரை யாரும் சொல்லித் தந்ததில்லை.

இன்னும் ஒன்பது படி.
கரண்டி துடைத்தவனை நினைத்துக்கொண்டு
ஆற அமர
ஏறுகிறேன்.