கூட்டல் கழித்தல் ஒன்று

பன்னிரண்டு நாள் படிப்பு.
எரிமலைத் தீவுகள், தாங்குதிறன், சுற்றுலா.
மூன்று மதிப்பெண் அலகு.
கணுக்கால் மூடும் காலணி கட்டாயம்.

லா பால்மாவின் சுரங்கப் பாதைக்கு
இந்தப் பக்கம் தூறல்,
அந்தப் பக்கம் வெயில்.
வெயிலில் முதலில் தெரிந்தது
யாரோ மைக்கூட்டைத் தட்டிவிட்டதுபோல்
மலையிலிருந்து கடல்வரை கறுப்பு.
அதன் ஓரத்தில்,
ஒன்றும் நடக்காததுபோல்,
வாழைத்தோட்டம்.

வேன் ஓட்டும் ஐராம்
வழிகாட்டிக் கருவியை அணைப்பதேயில்லை.
"இருநூறு மீட்டரில் வலது பக்கம் திரும்பவும்,"
என்கிறாள் அதற்குள் இருப்பவள்.
வலது பக்கம்
மூன்று மாடி உயரத்துக்கு உறைந்த குழம்பு.
பின் இருக்கையில் யாரோ சிரித்தார்கள்.
நானாகவும் இருக்கலாம்.
"நல்ல தெரு அது," என்றான் ஐராம்.
"கடைசியில் ஒரு ரொட்டிக்கடை.
புது வரைபடம் இறக்க நேரமே கிடைக்கவில்லை."

பாறை இடுக்கில் வெப்பமானியைச் செருகினோம்.
அடுப்பை அணைத்த பின்னும்
தோசைக்கல்லில் தங்கியிருக்கிற சூடு.
தள்ளி நின்றால் தெரியாது.
மறந்துபோய்க் கை வைத்தால் தெரியும்.
இல்மாரி படம் எடுத்தான்,
நான் எண்ணைக் குறித்தேன்,
பேராசிரியை "அருமை" என்றாள்.
எது அருமை என்று
யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள், புதன்கிழமை,
பார்வை மேடையில் ஆள் எண்ணும் வேலை.
வலது கையில் ஒரு சொடுக்கி: வெளியூர்க்காரர்.
இடது கையில் இன்னொன்று: உள்ளூர்க்காரர்.
எப்படிப் பிரிப்பது?
தாளில் போட்டிருந்தது:
தொப்பி, கறுப்புக் கண்ணாடி,
படம் எடுத்தல், வியத்தல்.

நாலு மணிக்கு ஒருத்தி வந்தாள்.
அகலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி.
கம்பியில் வயிறு அழுந்தச் சாய்ந்து
ஒரே இடத்தை ஏழெட்டுப் படம் எடுத்தாள்.
வியக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.
வலது கட்டைவிரல்.
டிக்.
நானூற்றுப் பதினெட்டு.

மறுநாள் காலை
எங்கள் அறைக்குப் படுக்கைவிரிப்பு மாற்ற வந்தாள்,
அதே தொப்பி.
"விருந்தாளி யாரோ விட்டுப்போனது," என்றாள் குவாசிமாரா,
"வெயிலுக்கு ஆகும்."
கைபேசியை நீட்டிப்
படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.
இது சமையலறை.
கறுப்பு.
இது பையன் தூங்கும் இடம்.
கறுப்பு.
எலுமிச்சை இதோ, இல்லை இல்லை,
இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்.
கறுப்பில் விரலை வைத்துத்
தேடிக்கொண்டே இருந்தாள்.
கண்டுபிடித்ததும்
அவள் முகத்தில் வந்ததற்கு
என் தாளில் கட்டம் இல்லை.

இப்போது மரப்பெட்டி மாதிரி ஒரு வீடு,
அரசாங்கம் கொடுத்தது.
மூன்று பேருக்கு ஒரு ஜன்னல்.
நாங்கள் தங்கியிருக்கும் இந்த மாடியை
முன்பு மாத வாடகைக்குக் கேட்டுப் பார்த்தாளாம்.
"ராத்திரிக் கணக்கில்தான் விடுவார்களாம்,"
என்றாள், தலையணைக்கு உறை மாட்டியபடி,
கோபமே இல்லாமல்,
மழை வருமா வராதா என்று சொல்வதுபோல்.

அன்றிரவு சொடுக்கியைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
பின்னால் போகப் பொத்தான் இல்லை.
முன்னால் போகலாம்,
இல்லாவிட்டால் எல்லாமே பூஜ்யம்.
இடது கையில் ஒன்று கூட்டினேன்.
வலது கையில் இருந்ததை எடுக்க முடியவில்லை.
அறிக்கையில் இப்போது
குவாசிமாரா இரண்டு பேர்:
பார்க்க வந்தவள் ஒருத்தி,
இருப்பவள் ஒருத்தி.

"கூட்டல் கழித்தல் ஒன்று,
அவ்வளவு பிழையை அனுமதிக்கலாம்,"
என்றாள் பேராசிரியை.
என்னை எந்தக் கையிலும் எண்ணாததை
அவளிடம் நான் சொல்லவில்லை.

கடைசி நாள்
விமான நிலையத்துக்கு அதே சாலை.
"இருநூறு மீட்டரில்
வலது பக்கம் திரும்பவும்."
ஐராம் வலது விளக்கைப் போட்டான்.
டிக். டிக். டிக்.
நேராகப் போனான்.