மூன்று மில்லிமீற்றர்

ஆறு நாளாய் அதைப் பார்த்துப் பார்த்து வளர்த்தோம்.
அந்தமானுக்குக் கீழே
வெள்ளைச் சுருளாய் அது படுத்துக் கிடந்தபோதே
சுகிர்தன் கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்தான்.
"இந்தமுறை எங்களுக்குத்தான் ரீச்சர்,
முல்லைத்தீவுக்கு நேரே மூக்கை வைச்சிருக்கு."

கரடிப்போக்குச் சந்தியில் ரயர் ஒட்டுகிறவன்.
காற்றமுக்கம் அவனுக்குத் தொழில்.
ஐரோப்பியக் கணிப்பு இருநூறு மில்லிமீற்றர் என்றது,
அமெரிக்கக் கணிப்பு எண்பது.
நாங்கள் ஐரோப்பாவை நம்பினோம்.
கேட்க விரும்பியதைச் சொல்கிறவரைத்தானே
எல்லாரும் நம்புகிறார்கள்.

மேரி யஸ்ரினுக்கு மழையில் அவ்வளவு பிடிப்பில்லை.
அவளுக்குக் குளிர் வேண்டும்.
பதினெட்டுப் பாகைக்குக் கீழே ஒரேயொரு விடியல்.
இரவு வேலை முடிந்து ஆசுப்பத்திரி வாசலில் நின்று
வாயால் ஊதிப் பார்ப்பாள், புகை வருகிறதா என்று.
கம்பளிச் சட்டை வாங்கி மூன்று மாரி.
விலைத்துண்டு இன்னும் கழுத்தில் தொங்குகிறது.

அண்ணன் ஒட்டாவாவில் இருந்து எடுத்தான்.
பனி வழிக்கும் வண்டி கடனுக்கு வாங்கி
வாசலில் நிற்கிறதாம்.
"மார்கழி பாதி போட்டுது, புல்லுப் பச்சையா நிக்குது.
உங்க என்ன மாதிரி?"
வருகுது அண்ணா, என்றேன்.
பிள்ளை பிறக்கப்போகிற வீட்டுக் குரலில்.

இரவு பதினொன்றரைக்கு அது திரும்பியது.
வடக்கே.
செய்மதிப் படத்தில், எங்கள் கண்முன்னே,
சொல்லாமல் கொள்ளாமல்.
"நெல்லூருக்குப் போகுதாம்," சுகிர்தன் எழுதினான்.
கொஞ்சம் பொறுத்து,
"அங்க ஆர் கேட்டது?"

விடிந்தது.
வெட்கமே இல்லாத ஒரு நீலம்.
கழுவிக் கவிழ்த்த கோப்பை போல வானம்.
வாடைக்காற்றுக்கூட வாசலோடு திரும்பிவிட்டது.
இரணைமடுவில் பத்தொன்பது அடியாம்.
வான்கதவு திறக்கிற சத்தத்தைப் பதிவுசெய்ய
புதுசாய் ஒலிவாங்கி வாங்கிய என்னை
என்னவென்று சொல்ல.

அடுத்த வளவில் இராசநாயகி அக்கா
சிரித்தபடி வேலிக்கு வந்தா.
கூரை கழற்றிக் கிடக்கிறது அவவின் வீடு.
மரத்தை உளுத்துத் தின்றுவிட்டது,
வீட்டுத்திட்டக் காசில் கடைசிப் பங்கு வரவில்லை,
ஓடுகள் முற்றத்தில் அடுக்கி இருக்கின்றன.
"ஆறு நாளும் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினனான் ரீச்சர்,
அரக்கிப் போட்டார்."

ஆறு நாளும் நான் என்ன கேட்டேன் என்று
அவவுக்குத் தெரியாது.

முகாமில் ஒரு மாரி இருந்தது.
தரப்பாளின் குழிவில் நீர் தொங்கும்,
தடியால் தள்ளுவோம், அடுத்த கூடாரத்துக்காரர் ஏசுவார்கள்.
எல்லாரும் மழையைத் திட்டிய அந்த நாட்களில்
பால்மாப் பேணியில் ஈர்க்குக் குச்சி வைத்து
அடையாளம் போட்ட பிள்ளை நான்.
நிறுத்த ஏலாததை அளக்கவாவது செய்யலாம் என்று
அப்போது நினைத்திருப்பேனோ,
இல்லை, வெறும் விளையாட்டோ.
அம்மா பேணியைப் பறித்து எறிந்தா.
அது மட்டும் நல்ல நினைவு.

எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்தேன்.
மூன்று மில்லிமீற்றர்.
இரவு ஒரு துளிச் சத்தமும் கேட்கவில்லை.
மழையோ, பனியோ,
காகம் குடித்து வைத்த மிச்சமோ.
சுகிர்தன் மழை என்று அடித்துச் சொன்னான்.
எழுதிக்கொண்டேன்.
கொப்பியில் இந்த மாதம் முழுக்கப் பூச்சியம்,
ஒரு மூன்று நின்றால் பார்க்க ஆறுதலாய் இருக்கும்.

மேரி யஸ்ரின் அனுப்பினாள்: இருபத்துநாலு பாகை.
பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

பின்னேரம் புதுப் படம் வந்தது.
பத்தாம் நாளில், அந்தமானுக்குக் கீழே,
கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரிகிற
ஒரு சின்ன மஞ்சள்.
ஒருவருக்கும் சொல்வதில்லை என்று இருந்தேன்.

"ரீச்சர்," வேலிக்கு மேலால் தலை.
"உங்களுக்குத்தானே உது தெரியும்.
ஓட்டை எப்ப ஏத்தினால் நல்லது?"

குரலில் ஆசை கேட்டுவிடாமல்
மெல்லச் சொன்னேன்,
வியாழனுக்கு முன்னம் ஏத்துங்கோ அக்கா.