இரண்டாவது அட்டை

ஏளா, கொஞ்சம் நில்லு.
மணி பன்னிரண்டு ஆகப் போகிறது.
உபதேசியார் கையில் எவர்சில்வர் தட்டு,
தட்டில் கவிழ்த்து வைத்த வசன அட்டைகள்.
பாளையங்கோட்டையே குளிரில் தலைக்கு மப்ளர் கட்டி
வரிசையில் நிற்கிறது.
உனக்கு இருபத்து மூன்று.
கஞ்சி வாசம் போகாத புதுச்சேலை.
பின்னால் உன்னை இடித்துக்கொண்டு கிரேனாப்,
கல்யாணமாகி எட்டு மாதம்.

ஒன்றை எடுப்பாய். ஓரமாகத் திருப்பிப் பார்ப்பாய்.
காத்திரு என்கிற மாதிரி ஒரு வசனம்.
டீச்சர் வேலைக்கு மனுப்போட்டு இரண்டு வருஷம்,
நாசரேத்திலிருந்து பெண்பார்த்துப் போனவர்கள்
பதிலே போடவில்லை.
காத்திருந்தது போதும் ஆண்டவரே என்று
சட்டென்று அதைத் தட்டில் சொருகிவிட்டு
வேறொன்று எடுப்பாய்.
ஆசீர்வாதம், பெருக்கம்.
அழகாகப் பைபிளுக்குள் வைப்பாய்.

நீ சொருகினது கிரேனாப் கைக்குப் போகும்.

தடுக்க வரவில்லை நான்.
தடுப்பதென்றால் வேறு எத்தனையோ இருக்கிறது.
ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில்
டாக்டரம்மாவோடு போட்டிபோட்டு
முதல் சம்பளத்தில் ஒரு பூசணிக்காயை
நூற்றுப்பத்து ரூபாய்க்கு எடுப்பாய்,
மைக்கில் உன் பேரைச் சொல்வார்கள் என்று.
பாத்திரம் தேய்க்கிற மாடத்திக்கு அப்போது
இரண்டு மாதப் பாக்கி;
அதை நீ கொடுப்பதாகத்தான் வீட்டில் பேச்சு.
வெட்டினால் பூசணிக்காய் உள்ளே அழுகல்.
அதைப் பார்த்தாவது உனக்கு உறைத்திருக்கலாம்.

பிறகு, டயோசீசன் தேர்தலில் எதிரணியில் நின்றான் என்று
சித்தப்பா மகனோடு பதினோரு வருஷம் பேசாமலிருந்து
அவன் பெட்டியருகே நின்று
பாமாலையின் எல்லாச் சரணமும் பாடுவாய்,
புத்தகம் பார்க்காமலே.

ஐப்பசி மழையில், கயத்தாறு தாண்டி,
தூக்கக் கலக்கத்தில் ஒரு லாரி.
கிரேனாப்பின் தவசிமுத்து
முகம் மூடித்தான் வந்தான்.

மூன்றாம் நாள் பைபிளோடு போவாய்.
தேவசித்தம் என்பாய்.
நன்மைக்குத்தான் இருக்கும் என்பாய்.
அவள் உன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்,
அதில் ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி.
பின்வாசலில் மாடத்தி
சாவுவீட்டு அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள்.
யாரும் கூப்பிடவில்லை.
அவளுக்கு ஒரு வசனமும் தெரியாது.

அதற்கப்புறம் நாற்பது வருஷம், ஏளா.
வேலை நிலைத்தது, நாசரேத் மாப்பிள்ளையே வந்தார்,
பிள்ளைகள் இரண்டும் நல்லாயிருக்கின்றன.
ஒவ்வொன்றும் வந்தபோது
திருட்டு நகை போட்டுக்கொண்ட மாதிரிதான் கூசினேன்.
என் அட்டையை அவள் தலையில் கட்டிவிட்டேன்.
தெய்வம் சீட்டுப் போடுகிற ஆள் என்று
நினைத்திருக்கிறேன், பார்.
ஞாயிறு பள்ளியில் முப்பது வருஷம் பாடம் எடுத்தவள்.

போன மாதம் கண் ஆஸ்பத்திரியில்
இருவருக்கும் சொட்டுமருந்து விட்டு
வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள்.
மங்கல் கண்ணோடு அவள் பைபிளைத் திறந்து தடவினாள்.
ஓரம் நைந்த அட்டை, எண்ணெய்க் கறை.
'இதப் புடிச்சிட்டுத்தாம்ளா நான் எந்திரிச்சேன்.'
அது எனக்கு வந்தது கிரேனாப், என்றேன்.
நாற்பது வருஷம் தொண்டையில் கிடந்தது
அவ்வளவு சின்ன வாக்கியமாக வெளியே வந்தது.

'தெரியும்ளா. நீ ரெண்டு மட்டம் கைவிட்டத
நான் பாத்தேம்லா.
வெளிய வந்ததும் சொல்லிச் சிரிக்கணும்னு இருந்தேன்,
மறந்துட்டு.'

பொறவு?

'பொறவு என்ன. மருந்து ஊத்துன கண்ணு,
தொடைக்காத.'

மணி அடிக்கிறது.
வரிசை நகர்கிறது, பின்னால் அவள் இடிக்கிறாள்.
எடு, எதையாவது எடு,
வேண்டுமானால் மாற்றியும் எடு.
மாடத்தி சம்பளத்தை மட்டும்
ஒன்றாம் தேதியே கொடு.
விடிந்தால் ஒன்றாம் தேதி.