பெட்டியின் எடை

தால்காவானோ துறைமுகத்தில்
விடிகாலை நான்கு மணிக்கே
என் தராசின் முன் வரிசை நின்றுவிடும்.
மெர்லூசா மீன், பெட்டி பெட்டியாக.
வெறும் பெட்டியை முதலில் வைத்து
எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான்
மீனை நிறுப்பேன்.
பெட்டியின் எடைக்கு யாரும் காசு தருவதில்லை.

இருபது வருடம்.
ஒரு கிராம் ஏமாற்றியதில்லை.
நோல்ஃபாவின் தராசு பொய் சொல்லாது என்பார்கள்.

வீட்டில் இன்னொரு தராசு இருக்கிறது.
அதற்குப் பொய் சொல்லக்
கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.
குளியலறையின் வடக்கு மூலையில் வைத்தால்
இருநூறு கிராம் குறையும்.
ஈரத் தலையோடு ஏறவே கூடாது.
மூச்சை முழுக்க வெளியே விட்டபின் ஏற வேண்டும்.
மூச்சுக்கு ஏது எடை என்று
கேட்காதீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன்
கொன்செப்சியோன் மருத்துவமனையில்
என் இரைப்பையை வெட்டி
வாழைப்பழ அளவுக்குத் தைத்தார்கள்.
நாற்பத்தொரு கிலோ போனது.
எல்லோரும் கை தட்டினார்கள்.
எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை.
எனக்குத்தான் அந்தக் கவலை.
போனதற்கு
என் விலாசம் தெரியுமே.

இந்தக் குளிர்காலத்தில்
இரண்டு கிலோ நானூறு திரும்பியிருக்கிறது.
கதவைத் தட்டவில்லை,
சாவியைத் திருப்பித் தராமல் போன
பழைய கணவனைப் போல
தானாகவே திறந்துகொண்டு வந்து
இடுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

உணவு ஆலோசகர் ஃபாபியோலா
என் மகளைவிடச் சின்னவள்.
இது சகஜம், சென்யோரா, என்று
காகிதத்தில் ஒரு கோடு போட்டாள்.
செங்குத்தாக இறங்கிய கோடு
கடைசியில் லேசாக நிமிர்ந்தது.
நகம் அளவுதான் அந்த நிமிர்வு.
ராத்திரி முழுக்க அதில்
ஏறிக்கொண்டே இருந்தேன்.

மீன் அரியும் ஹெர்மிந்தா
முன்பெல்லாம் தினம் சொல்வாள்,
பெண்ணே, நீ கரைந்துகொண்டே போகிறாய் என்று.
இப்போது வானிலை பற்றிப் பேசுகிறாள்.

கட்டிலுக்கடியில்
என் பழைய மழைக்கோட்டு.
கொடுத்துவிட்டால், நாளைக்கே வேண்டியிருக்கும்.
வைத்திருந்தால், அது எனக்காகக் காத்திருக்கும்.
எதைச் செய்தாலும் பயம்தான்.
துண்டில் சுற்றி
சுவரோரம் தள்ளியிருந்தேன்,
பெருக்கும்போதுகூடக் கண்ணில் படாதபடி.

நேற்று வேலை முடிகிற நேரம்
கடலோடு சேர்ந்து வந்தது மழை.
இங்கே அடிக்கும் காற்றில் குடை பிடிப்பவன்
வெளியூர்க்காரன்.
யாஸ்னா வந்தாள் என்னைக் கூட்டிப்போக,
கையில் அந்தக் கோட்டு.
என்னடி இது?
இதுதான் அம்மா அகப்பட்டது.
வா, உள்ளே வா.

இடது கையில் அவள்,
வலது கையில் நான்.
பொத்தான்கள் பூட்டிக்கொண்டன.
அவள் தலைமுடி என் கழுத்தில் குறுகுறுக்க
நான்கு காலும் ஒன்றையொன்று மிதிக்க
பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம்.
ஹெர்மிந்தா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.
நானும் அந்தக் கோட்டுக்குள்
முதன்முறையாகச் சிரித்தேன்.

மழை பெய்தால் எங்கள் ஊரில்
எண்ணெய்ச் சட்டிகள் தெருவுக்கு வந்துவிடும்.
பரங்கிக்காய் பிசைந்த மாவு பொரிகிற வாசம்.
சோபாய்ப்பியா ஒன்று வாங்கினாள்.
கால் துண்டு எனக்கு.
இருபது தடவை மென்றேன்,
பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது.
மிச்சத்தை அவள் சாப்பிட்டாள்,
உதட்டில் மிளகாய்ச் சாந்தோடு.

டிக்கெட் ஒன்றா, இரண்டா?
என்றான் பேருந்து ஓட்டுநர்.
நாங்களே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

பயம் போய்விட்டதென்று சொன்னால்
என் தராசு கேட்டுக்கொண்டிருக்காது.
பேருந்தில் உட்கார்ந்தபடியே
அந்தக் கால் துண்டுக்குக் கணக்குப் போட்டேன்,
மாவு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு.
இரண்டு நிறுத்தம் வரைக்கும்.

கோட்டு இப்போது நாற்காலி முதுகில்
சொட்டிக்கொண்டிருக்கிறது.
கட்டிலுக்கடியில் தள்ளவில்லை,
தரை ஈரமாகிவிடும் என்பதும் ஒரு காரணம்.
விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து குளித்துவிட்டு
தராசில் ஏறுவேன்,
எந்த மூலையில் கிடக்கிறதோ அங்கேயே,
தலை துவட்டாமல்.