எட்டு அடி

இரவு பதினொன்றரை. வேலந்தாவளம் எடைமேடை.
திரையில் பச்சை எண்கள்
பூஜ்யத்துக்கும் இருபதுக்கும் நடுவே நடுங்குகின்றன.
மழை விட்ட பிறகு
தகட்டில் தேங்கிய நீரின் எடை அது.

மேசையில் வைத்தால் கைப்பேசிக்குக் கேரளம்.
எட்டு அடி தள்ளி ஜன்னலில் வைத்தால் தமிழ்நாடு.
பாடக் காணொளி ஜன்னலில்தான் திக்காமல் ஓடும்.
அதனால் நான் படிப்பது தமிழ்நாட்டில்,
சம்பளம் வாங்குவது கேரளத்தில்.

நெட்வொர்க்கா, கிளவுடா, செக்யூரிட்டியா,
எது முதலில் என்று ஓணத்திலிருந்து கேட்டு வருகிறேன்.
கிளவுட் எடு சகாயம், என்கிறாள் கொச்சியில் நிஷிதா,
வயரைத் தொட்டு இனி யாரும் பிழைக்கப் போவதில்லை.
அவள் வீட்டு வைஃபை போனால்
என்னைத்தான் கூப்பிடுகிறாள்.
அருள்தாஸ் அண்ணனுக்குச் செக்யூரிட்டிதான் காசு.
தக்காளி லோடு கொண்டுவரும் குப்புராஜ் மட்டும்
எதற்கு ஃபீஸ் கம்மி என்றான்.
அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

குறி எடுத்த பணம் நாற்பதாயிரம்.
ஒரு தேர்வுக்குக் காணும். தோற்றால் அடுத்ததற்குக் காணாது.
கட்டணம் டாலரில்.
விடிந்ததும் தக்காளி விலை கேட்பதுபோல்
டாலர் விலையும் கேட்கிறேன்.
தக்காளியாவது சில நாள் இறங்குகிறது.

ஃபயர்வால் என்பது செக்போஸ்ட் மாதிரி,
எல்லாக் காணொளியிலும் இதே பேச்சு.
செக்போஸ்ட்டைப் பார்க்காதவர்கள்.
கம்பம் தூக்கியபடியே துருப்பிடித்து நிற்கும்.
ஒரு மணிக்கு மேல் மணல் வண்டி
விளக்கணைத்துத் தென்னந்தோப்பு ஊடுவழியில் நுழைந்து
கொழிஞ்சாம்பாறை ரோட்டில் ஏறித்தான் கண் திறக்கும்.
விதி எத்தனை எழுதினாலும்
எழுதாத வழி ஒன்று கிடக்கும். அதில் நான் தேறிவிடுவேன்.
சப்நெட் கணக்கில்தான்
இன்னும் விரல் மடக்குகிறேன்.

பன்னிரண்டுக்கு இளநீர் லாரி ஒன்று ஏறியது.
முதலில் லோடா, முதலில் காலியா,
இங்கே அந்தக் கேள்வியே இல்லை.
வருகிற வண்டி சுமையோடு ஏறி, இறக்கிவிட்டு வெறுமனே ஏறும்.
போகிற வண்டி நேர்மாறு.
கழித்தால் ஒன்றேதான்.
இதைப் பிடித்துக்கொண்டு ஆறுதலடையப் பார்த்தேன்,
பிரிண்டர் பேசாமல் நின்றது.

முதலாளியைக் கூப்பிட்டால் காலையில் ஆள் வரும்.
டிரைவருக்குக் காலையில் எர்ணாகுளம்.
பிங் அடித்தேன். பதிலில்லை.
ஸ்விட்ச்சில் நான்காவது விளக்கு செத்திருந்தது.
மேசைக்கடியில் தவழ்ந்தேன்,
எலி கடித்த இடத்துக்கு மேலே வெட்டி
எட்டு இழையும் பிரித்து நீவி
ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம்,
வாய்க்குள் ஜெபமாலைபோல் உருட்டி
நுழைத்து நசுக்கினேன்.

விளக்கு வந்தது. சீட்டு வந்தது.
அதற்கு ஏன் இவ்வளவு சிரித்தேன் என்று தெரியவில்லை.
டிரைவர் மீதிப் பத்து ரூபாயை வாங்காமல் போனார்.

கையில் தூசியோடு படிவத்தைத் திறந்து
நெட்வொர்க் என்பதைத் தொட்டேன்.
கடைசிப் பெயர் என்ன என்றது.
அட்டையில் என் பெயருக்குப் பின்னால்
ஓர் எஃப் நிற்கிறது, ஃபிரான்சிஸின் மிச்சம்.
அதையே கொடுத்தேன். மறுக்கவில்லை.
பத்தொன்பதாம் தேதி, காலை ஒன்பதே கால், கோவை.

பணம் கட்ட ஓடிபி அனுப்பியிருக்கிறதாம்.
ஜன்னலில் வந்து சேரவில்லை.
நொடிகள் குறைந்துகொண்டிருந்தன.
கைப்பேசியை எடுத்துக்கொண்டு
கேரளத்துக்கு நடந்தேன்.

வெளியே ஏதோ வண்டி ஹாரன் அடித்தது.
பொறுங்கள் என்று கை காட்டினேன்.